புள்ளி வைத்தாயா?

டேய் மச்சான்,

காவடி முடிந்ததும் எழுதுகிறேன் என்றேன், எட்டு மாதம் ஓடிவிட்டது. திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். டர்பனில் இன்னும் அதே காரைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறாயா?

போன மாதம் ஆபீசுக்கு இன்டர்நெட் கம்பெனியை மாற்றினேன். எட்டு ஐபி, அதாவது இணைய முகவரி எண், தந்தார்கள். டொமைனில் புது முகவரியைப் போட்டேன், சைட் திறந்தது, தால் பூரி வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் அனுப்பிய மெயிலில் பாதி '550, ஏற்க முடியாது' என்று திரும்பிக் கிடக்கிறது.

மெயில் வாங்குகிறவன் நம் ஐபியைப் பின்பக்கமிருந்து படித்து, 'இது யார்?' என்று டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரையும் ஐபியையும் இணைக்கும் இணைய அட்டவணையில், கேட்கிறான். வருகிற பெயர் மறுபடி அதே ஐபிக்குப் போக வேண்டும். எனக்கு வந்ததோ கம்பெனி போட்ட ஏதோ எண் பெயர். சரி என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தலைகீழ் ஸோன், அதாவது ஐபியைக் கேட்டால் பெயர் சொல்லும் பட்டியல், ஒன்று கட்டினேன். என் மெஷினில் கேட்டால் அழகாகப் பதில் சொல்கிறது, வெளியே ஒருவனும் அதைக் கேட்கவே வரவில்லை! டொமைன் நம்முடையது, ஐபி அவர்களுடையது. ஆப்பிரிக்காவுக்கே ஐபி பங்கிடும் ஆஃப்ரினிக் நம் மொரீஷியஸ் எபேனில்தான் இருக்கிறது. போய் நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது. பயனில்லை. 256 முகவரியின் ஸோன் கம்பெனி கையில், அதில் என் பங்கு எட்டே எட்டு. ஐபிக்குப் பெயர் சொல்லும் வரிக்கு பிடிஆர் என்று பேர், அவர்களே எட்டு எழுதியிருக்கலாம். எனக்குத்தான் வீம்பு. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2317 என்ற இணைய வழிகாட்டிக் குறிப்பின்படி, அந்த எட்டுக்கும் சிநேம் என்ற மாற்றுப்பெயர் வரி போட்டு என் சர்வருக்குத் திருப்பிவிடச் சொன்னேன். அந்தப் பையனுக்குப் புரியவைக்க ஒன்பது நாள்.

திருப்பியும் விட்டார்கள். அப்புறமும் மெயில் போகவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய்: நான் பிடிஆரில் எழுதிய பெயரின் கடைசியில் புள்ளி வைக்கவில்லை. புள்ளி இல்லாவிட்டால் ஸோன் பெயர் முழுவதும் வாலாக ஒட்டிக்கொள்ளும். டிடிஎல், அதாவது அந்தப் பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், வேறு 86400 வினாடி. அந்தத் தப்புப் பெயர் ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றியது. மோக்கா ஊர்த் தமிழ் வகுப்பில் 'பககம்' எழுதி முட்டை வாங்கியவன் நீ. அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

திரும்பி வந்த மெயில்களில் உனக்கு எழுதியதும் ஒன்று, அதனால்தான் இந்தக் காகிதம். நம் வாத்தியாருக்குப் பக்கவாதம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், வலது கை வரவில்லை. இடது கையால் எழுதிப் பழகுகிறார். போன ஞாயிறு நோட்டைக் காட்டினார். எழுத்து ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். என்னால் அதைப் பார்க்க முடியவில்லையடா. உன்னைத்தான் கேட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் போடு, கொஞ்சம் சத்தமாகப் பேசு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்