அந்த இரண்டு வரியும் இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கவிதை நன்றாக இருக்கிறது, அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டால் போடலாம் என்றாராமே பத்திரிகைக்காரர்? கல்யாணமான பெண், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அக்கறை வேறு.

நம் தஞ்சாவூரில் பிரதாபசிம்ம மகாராஜா காலத்தில் முத்துப்பழனி என்ற தாசி குலப் பெண் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதினாள். தானே வளர்த்த இளாவைக் கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டு, அப்புறம் பொறுக்க முடியாமல் தவிக்கிறாள் ராதை. அவளைச் சமாதானப்படுத்தக் கண்ணன் வருகிறான். கூச்சமே இல்லாமல் தன் ஆசையைச் சொல்கிற ராதை அவள்.

பிறகு அச்சில் வந்த பதிப்பில் என்ன விட்டுப்போயிருந்தது தெரியுமா? முத்துப்பழனி தன்னையும் தன் குலத்துப் பெண்களையும் பற்றிப் பெருமையாகச் சொல்லும் முகவுரைப் பாட்டுகள். ஆபாசம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை! பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள்தான் சுவடியைத் தேடிப் பிடித்து, 1910இல் முழுசாகப் பதிப்பித்தார்.

அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கம். நீ இருக்கும் ஐதராபாத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. விதவைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த நல்ல மனிதர். அவருக்கே பெண் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருவது பொறுக்கவில்லை. வெட்கமெல்லாம் பெண்ணுக்கு மட்டும்தானா, நீங்களே பார்த்துப் பதிப்பித்த ஆண் புலவரின் நூலில் இதைவிட மோசமாக இல்லையா என்று திருப்பிக் கேட்டார் நாகரத்தினம்மாள். பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் 1911இல் வெள்ளைக்கார சர்க்கார் புத்தகத்தைத் தடை செய்துவிட்டது. தடை நீங்க 1947 ஆனது.

திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியதும் இதே அம்மாள்தான். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே நடத்தினார். தை மாதம் அங்கே போய் உட்காரும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

உன் பத்திரிகைக்காரரும் நல்லவராகவே இருக்கட்டும். அவர் எடுக்கச் சொன்ன வரிகள்தான் அந்தக் கவிதையில் நீ பேசுகிற இடம். மீதியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்கு அனுப்பு. மாப்பிள்ளை என்ன சொல்வாரோ என்று தயங்கினால், அவரை எனக்குப் போன் செய்யச் சொல்.

வத்தலும் வடகமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முழுக் கவிதையையும் கையால் எழுதி அனுப்பு, போனில் படித்தால் எனக்குக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அம்மா