தணிக்கைக் கத்தரிக்கு முன்பே இருந்த நுட்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1934-க்கு முந்தைய படங்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டின என்றும், தணிக்கை இறுகிய பிறகுதான் இயக்குநர்கள் குறிப்பால் உணர்த்தக் கற்றுக்கொண்டார்கள் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932-இல் பாரமவுண்ட் பட நிறுவனத்துக்காக இயக்கிய ‘டிரபிள் இன் பாரடைஸ்’ படத்தைப் பலமுறை பார்த்தவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெனிஸ் விடுதி ஒன்றில், பிரபுவாக நடிக்கும் திருடனும் சீமாட்டியாக நடிக்கும் திருடியும் இரவு உணவுக்கு அமர்கிறார்கள். தன்னிடமிருந்து அவள் எடுத்த பணப்பையை, அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி விழவைத்து அவன் மீட்கிறான். அவளோ அவனுடைய கடிகாரத்தை நீட்டி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடியதைத் தானே சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறாள். ஹெர்பர்ட் மார்ஷலும் மிரியம் ஹாப்கின்சும் குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், அத்தனை மரியாதையோடு பேசிக்கொண்டே இதைச் செய்கிறார்கள். இருவருக்கும் காதல் மலர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல வேறு வசனமே தேவைப்படவில்லை.

பின்னர் பாரிசில், கே பிரான்சிஸ் நடித்த வாசனைத் திரவிய நிறுவன முதலாளியிடம் அந்தத் திருடன் செயலராகச் சேர்கிறான். அவர்களுடைய நெருக்கத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் லூபிட்ச் கடிகாரங்களைத்தான் காட்டுகிறார். மாலை ஐந்து மணியில் தொடங்கி முட்கள் நகர்ந்துகொண்டே போக, ஆட்கள் கண்ணில் படாமல் குரல்களும் ஓசைகளும் மட்டும் கேட்கின்றன. பேசும் படம் வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், ஒலியை இவ்வளவு நம்பிப் படத்தைத் தாங்கவைத்த துணிவை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

அப்படியானால் தணிக்கையாளர்களுக்கு இதில் எது உறுத்தியது? காமம் ஒரு காரணம்தான். ஆனால் 1930-இல் எழுதப்பட்டு, 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீனின் தணிக்கை அலுவலகம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஹாலிவுட் பட நெறிமுறை, பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது என்றும் வலியுறுத்தியது. இந்தப் படத்திலோ திருடர்கள் இருவரும் டாக்சியில், ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே தப்பிப் போகிறார்கள். அதே முதலாளியின் நிறுவனத்தில் பெருந்தொகையைச் சுருட்டிய கனவான் சமூகத்தில் உயர்ந்தவர் என்பதால் சிறைக்குப் போகமாட்டார் என்று திருடனே கசப்போடு சொல்லும் காட்சியும் உண்டு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற அமெரிக்கர்களுக்கு அந்தக் கசப்பு நன்றாகவே புரிந்திருக்கும்.

1935-இல் படத்தை மறுபடியும் வெளியிட பாரமவுண்ட் அனுமதி கேட்டபோது தணிக்கையாளர்கள் மறுத்துவிட்டார்கள். அதன்பின் 1968 வரை அது மக்கள் பார்வைக்கே வரவில்லை. கத்தரி ஒரு நுட்பத்தை வளர்த்தது என்று எழுதும்போது, அதே நுட்பத்தில் முன்பே உச்சம் தொட்ட ஒரு படத்தை அது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முடக்கிவைத்ததையும் எழுதியிருக்க வேண்டும். தங்கள் கட்டுரையாளர் அந்தக் கடிகாரக் காட்சியைப் பார்த்துவிட்டு, இதைப் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மதுரை