முதல் சால்வை யாருக்கு? எங்கள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய தினமான வரும் ஜனவரி 26 அன்றும் பூங்காவில் கொடியேற்றி, பார்பெக்யூ போட்டு, புதிதாகக் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்குச் சால்வை போர்த்தப்போகிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். பதினோரு வருடத்துக்கு முன் அந்தச் சால்வையை நானும் பெருமையோடு வாங்கியவள்தான். ஆனால் தேதியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1788இல் அன்றுதான் பிரிட்டிஷ் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் சிட்னிக் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். 1938இல் அதன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடிய அதே நாளில், பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். மே மாதத்தில் இலங்கை அரசு போர் வெற்றியைக் கொண்டாடியபோது, முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றியவர்கள் நாம். இது நமக்குப் புரியாமல் போகுமா?

ஆஸ்திரேலியர் என்றால் யார் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். இங்கேயே பிறந்து எழுபதைத் தாண்டியவர். “2022இல் ஹாக்ஸ்பரி ஆறு பெருகினபோது மணல் மூட்டை தூக்க வந்தவங்க எல்லாரும்தான்” என்றார். என் மகளுக்கோ, தேர்தல் நாளில் பள்ளி வாசலில் ரொட்டியில் சுற்றித் தரும் சாசேஜ்தான் ஆஸ்திரேலியா. அப்புறம், பள்ளிக் கூட்டம் தொடங்கும்போது இது இப்பகுதிப் பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலம் என்று சொல்வார்களே, அதுவும். இரண்டு பேருக்குமே ஜனவரி 26 நினைவுக்கு வரவில்லை.

குடியுரிமைச் சட்டம் 1949இல் அதே நாளில்தானே நடைமுறைக்கு வந்தது என்பீர்கள். சரிதான். ஆனால் அன்றைக்கு, வெள்ளையரல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையும் நடப்பில் இருந்தது. அந்தக் கதவு நமக்குத் திறக்கவில்லை.

குடியுரிமை விழாவை மூன்று நாள் முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் நகரசபைகளுக்கே அரசு வழிவிட்டது. நம்மைத் தடுப்பது எது? செப்டம்பர் 17 ஆஸ்திரேலியக் குடியுரிமை நாள். அதை ஒட்டிய சனிக்கிழமையில் வையுங்கள். வசந்த காலம், குழந்தைகள் வெயிலில் வாடவும் மாட்டார்கள். தாருக் மூத்தவர் ஒருவரை, அவருக்குரிய கட்டணத்தோடு, முன்கூட்டியே முறையாக அழையுங்கள். அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் சால்வையை அவருக்குப் போர்த்துவோம்.

அன்புடன்,
மேற்கு சிட்னியிலிருந்து ஓர் உறுப்பினர்