எங்கள் பார்ட்டிகளுக்கு ஒரு மடல்: ஓவர்லோடு ஒப்பந்தம் பற்றி

வணக்கம்.

கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரி பக்கமிருந்து உங்கள் கோழித்தீவன ஆலைகளுக்கு லாரியில் மக்காச்சோளம் கொண்டுவரும் எங்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாளாகப் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு லோடு ஏற்ற மறுக்கிறோமாம், வாக்கு மாறிய கம்பெனியாம். நேரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கையெழுத்து எங்களுடையதுதான், சீலும் எங்களுடையதுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் வண்டி எடுக்கும் ஒரு பார்ட்டி, அதாவது சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேர்த்த வரி இது: "சரக்குக் கொடுப்பவர் சொல்லும் எடையை ஏற்ற வேண்டும், வழியில் வரும் கேஸ், அபராதம் யாவும் வண்டிக்காரர் பொறுப்பு." இதைக் காட்டி, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள எடைக்கு மேல் 6 டன் ஏற்றச் சொன்னார்கள். மாட்டோம் என்றோம். நடந்தது இவ்வளவுதான்.

வாக்கு மாறியவர்கள் என்ற பேச்சுதான் எங்களுக்கு வலிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் தடுத்த காரியத்துக்காகவோ, பொதுக்கொள்கைக்கு, அதாவது பொதுமக்கள் நலனுக்கு, விரோதமாகவோ போட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாததுதான். ஓவர்லோடை மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆவது பிரிவில் தடுக்கிறது. 194-ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. 6 டன்னுக்கு 32,000 ஆகிறது.

அதைக் கட்டிவிட்டுப் போகலாமே என்பார்கள். முடியாது. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டியை விடக்கூடாது என்று 2005-லேயே பரம்ஜித் பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறக்கும் கூலியும் நம் தலையில்தான். ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும் அந்த 194 பிடிக்கும். "வண்டிக்காரர் பொறுப்பு" என்று எழுதிவிட்டதால் சரக்குக்காரர் தப்பிவிட முடியாது. இரண்டு தரப்பும் தெரிந்தே இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டால் நீதிமன்றம் யாருக்கும் கைகொடுக்காது. வாடகை பாக்கி என்று நாங்களும் போய் நிற்க முடியாது, நஷ்டஈடு என்று அவர்களும் போக முடியாது.

இதில் பொதுமக்கள் எங்கே வந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். தருமபுரி - சேலம் வழியில் உள்ள தொப்பூர் மலை இறக்கத்தில் வருகிறார்கள். அதிக லோடோடு இறங்கும் வண்டியில் பிரேக்கை மிதித்து மிதித்து லைனர் கருகும் வாடை கேபினுக்குள்ளேயே அடிக்கும். அந்த நேரத்தில் முன்னால் போகும் காரிலும் பஸ்ஸிலும் இருப்பவர்கள் யாரும் நம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே.

இன்னொன்று. செல்லாத வரி போனாலும், சட்டத்துக்கு உட்பட்ட மற்ற வாக்குறுதிகள் தனியாக நிற்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அனுமதித்த எடைக்கு அந்தப் பார்ட்டிக்கு இன்றும் வண்டி அனுப்பத் தயார் என்று எழுதியே கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

2020-இல் கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற புரளியில் பண்ணைகள் தவித்தபோதும், எங்கள் டிரைவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வாடகையையும் தவணையாகக் கொடுத்துத் தீர்த்தவர்கள் நீங்கள். அதை மறக்க மாட்டோம். இந்தக் குரல் பதிவு வந்த பிறகும் "வண்டி எப்போ வருது?" என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனியாக நன்றி.

அப்புறம், எடை சரியாக ஏற்றுவதால் டன் வாடகை அடுத்த மாதம் முதல் சற்று மாறும். புதிய ரேட் அட்டை புக்கிங் ஆபீசில் இருக்கிறது. லோடு ஏற்றியதும் எடைச்சீட்டின் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
லாரி புக்கிங் ஆபீஸ், நாமக்கல்