ஓய்வு பெறும் ஓட்டப் பயிற்சியாளரின் பணி தொடரவும், ஏற்காடு மலைப்பாதையில் காலைப் பயிற்சிக்குப் பாதுகாப்பு வேண்டியும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கல்லூரி நெடுந்தூர ஓட்ட அணியின் முன்னாள் மாணவ, மாணவியர்
(பெயர்களும் கையொப்பங்களும் இணைப்பில்),
சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர் ஓய்வுக்குப் பின்னும் மாவட்டத்தில் பயிற்சி தர ஆவன செய்தல் – ஏற்காடு மலைப்பாதையில் ஞாயிறு காலைப் பயிற்சிக்குப் பாதுகாப்பு – கோடை முகாமுக்கு விடுதி – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக இருந்து, அங்கே நெடுந்தூர ஓட்ட அணியை உண்டாக்கி நடத்திவரும் எங்கள் மாஸ்டர், 60 வயது நிறைவடைந்து வரும் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் பெயரும் பணி விவரங்களும் இணைப்பில் உள்ளன. மனுவுக்குள் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு மனு கொடுக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "அந்த நேரத்துல நாலு ரவுண்டு ஓடியிருக்கலாமே" என்பார்.

மனுவை எழுதும் நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அணியில் ஓடிய காலத்தில் ஒருமுறைகூடத் தனிநபர் பதக்கம் வாங்கியதில்லை. பதக்கம் வாங்கியவர்கள் பலர் இருந்தும் என்னையே எழுதச் சொன்னார்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விருது கேட்டு இந்த மனு வரவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். அந்த அளவுகோலில் எங்கள் மாஸ்டர் நிற்க மாட்டார். நம் மாவட்டத்துக்கு உலகப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அந்தப் பெருமையில் எங்கள் மாஸ்டருக்குப் பங்கு எதுவும் இல்லை. அவர் செய்தது வேறு வேலை. வெற்றி மேடையில் நின்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் அது கண்ணில் படாது.

கிராஸ் கன்ட்ரி என்கிற காட்டு மேட்டு ஓட்டத்தில் அணிக்கு மதிப்பெண் போடும் முறை கொஞ்சம் விசித்திரமானது. ஓர் அணியில் ஆறு பேர் ஓடினால், முதலில் வரும் நால்வர் எத்தனையாவது இடத்தில் வந்தார்கள் என்பதைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்குக் கோப்பை. முதல் ஆள் தங்கம் வாங்கியும் நாலாவது ஆள் தடுமாறினால் அணி தோற்றுவிடும்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் பெண்கள் அணியினர் 2, 5, 9, 17 ஆகிய இடங்களில் வந்தோம். கூட்டினால் 33. எதிரணியில் 1, 4, 12, 18. கூட்டினால் 35. தனிநபர் தங்கம் அவர்களுக்கு, கோப்பை எங்களுக்கு. அந்த 17 நான்தான். கடைசி இருநூறு மீட்டரில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் மூச்சுச் சத்தம் கேட்டது. அவர்தான் எதிரணியின் நாலாவது ஆள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னைத் தாண்டியிருந்தால் எங்களுக்கும் 34, அவர்களுக்கும் 34. சமநிலை வந்தால் எந்த அணியின் நாலாவது ஆள் முன்னால் வந்தாரோ அந்த அணிக்குத்தான் வெற்றி என்பது விதி. கோப்பை போயிருக்கும்.

மேடையேறிக் கோப்பையை வாங்கியது இரண்டாவதாக வந்த எங்கள் அக்கா. மாஸ்டர் தன் நோட்டில் முதலில் எழுதியது 17. "நாலாவது ஆளை ஒழுங்கா வளர்த்தா முதல் ஆள் தன்னால வருவான்" என்பது அவர் கணக்கு. அணியில் சேர வரும் பிள்ளைகளில் வேகமாக ஓடுபவரை எல்லாப் பயிற்சியாளரும் பார்ப்பார்கள். இவர், கடைசியாக வந்தும் நிற்காமல் ஓடி முடித்தவர் யார் என்று பார்ப்பார்.

அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் அலமோசா என்ற சின்ன ஊரின் கல்லூரியில் ஓட்டப் பயிற்சியாளராக இருந்த ஜோ விஜில் பற்றி எங்களிடம் அடிக்கடி சொல்வார். அங்கே ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். 1992-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவு தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் விஜிலின் ஆட்கள் ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களில் வந்தார்கள். ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்தும் 15. அதைவிடக் குறைவாக யாராலும் எடுக்க முடியாது. கதையைச் சொல்லி முடித்ததும், "அந்த அஞ்சாவது பையன் பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். எங்களுக்கு எங்கே தெரியும்! அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

பயிற்சி எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், எங்கள் கோரிக்கைகள் அதிலிருந்து வருபவை. வார நாட்களில் காலை ஐந்தேகாலுக்குக் கோரிமேட்டிலிருந்து மெதுவோட்டம். "பேசிட்டே ஓடு கண்ணு. பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தி" என்பார். வாரத்தில் பெரும்பகுதி இப்படி மெதுவாகத்தான் போகும். வேகம் இரண்டு நாள் மட்டும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி எழுதிவர வேண்டும். வழக்கத்தைவிடப் பத்து கூடியிருந்தால் அன்று ஓட்டம் கிடையாது, நடைதான். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரம். ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை ஏறி ஓடுவது, நடந்து இறங்குவது. மலையில் மொத்தம் இருபது வளைவுகள். நாங்கள் ஒரு நாளும் ஐந்தைத் தாண்டியதில்லை, விடமாட்டார்.

பெண் பிள்ளைகள் திடீரென்று சோர்ந்துபோனால் திட்ட மாட்டார், அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். எனக்கு ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையுமாக மூன்று மாதம் போன பிறகுதான் என்னை மறுபடி வேகமாக ஓட விட்டார். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது, 10,000 மீட்டர் 1988-இல், தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் 2008-இல். எங்கள் வீடுகளில் 'பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் எதுக்கு' என்று கேட்டவர்களிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லி, "உலகமே லேட்டு, உங்களை மட்டும் குறை சொல்ல முடியுமா" என்று பேசிச் சம்மதம் வாங்கியவர் அவர். என் அப்பா அந்தப் பேச்சில்தான் விழுந்தார்.

ஸ்டீபிள்சேஸ் என்றதும் நினைவு வருகிறது. 3,000 மீட்டரில் 28 தடையும் 7 தண்ணீர்த் தாண்டலும் உண்டு. எங்களிடம் தடைக்கட்டை கிடையாது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2 என்று டேப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர்த் தாண்டலுக்கு ஒரு விவசாயியின் வாய்க்கால். அந்தக் கட்டைகளில் தாண்டிப் பழகிய இருவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி அகில இந்தியப் போட்டிக்குப் போனார்கள். அதில் கிடைத்த, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் காட்டும் படிவம் 3 சான்றிதழோடு ஒருவர் இன்று ரயில்வேயில் இருக்கிறார். அணியிலிருந்து காவல் துறைக்கும் ராணுவத்துக்கும் பள்ளிகளுக்கும் போனவர்கள் பட்டியல் இணைப்பில் உள்ளது. அதில் பாதிக்கு மேல் மூன்றாவது, நாலாவது ஆட்கள்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

மாஸ்டர் ஓய்வு பெற்றால் கல்லூரி மைதானத்தின் சாவி அவர் கையில் இருக்காது. அடுத்து வருபவர் எந்த விளையாட்டுக்காரரோ தெரியாது. கபடியோ கூடைப்பந்தோ ஆடியவர் வந்தால் ஓட்ட அணி கலைந்துவிடும், அது அவர் தவறும் ஆகாது. ஆகவே மாவட்ட விளையாட்டரங்கில் மாஸ்டர் மதிப்பூதிய அடிப்படையிலோ, அதற்கு வழியில்லையென்றால் ஊதியமே இல்லாமலோ காலை நேரத்தில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி தர, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். பணம் இல்லாவிட்டாலும் வருவார். அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். கையில் கடிதம் இல்லாமல் பிள்ளைகளை மைதானத்துக்குள் கூட்டிப் போனால், வாயிலில் நிற்பவரிடம் தினமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது மலைப்பாதை. இதை அவசரமாகக் கருத வேண்டுகிறோம். முன்பெல்லாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒன்றிரண்டு பால் வண்டியும் பேருந்தும்தான் வரும். இப்போது விடியுமுன்பே கார்களும் பைக்குகளும் வரிசை கட்டுகின்றன. போன ஆண்டு வளைவில் இறங்கி வந்த ஒரு வேன் உரசி அணியின் ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஓட்டியவர் நின்று உதவினார், அவரைக் குறை சொல்லவில்லை. வளைவுக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு மாஸ்டர் மலைப் பயிற்சியையே நிறுத்திவிட்டார். போக்குவரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிறு காலை ஐந்தரை முதல் ஏழரை வரை, அடிவாரத்திலிருந்து ஐந்தாவது வளைவு வரை, ஓர் ஓரத்தில் கூம்புத் தடுப்புகள் வைக்கவும், மேலிருந்து இறங்கும் வண்டிகள் பார்க்கும்படி எச்சரிக்கைப் பலகை வைக்கவும், சோதனைச் சாவடியில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் காவல் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் உத்தரவிட்டால் போதும். கோடை விழா நாட்களில் ஏறும் வண்டிகளை ஒரு பாதையிலும் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பாதையிலும் திருப்பிவிடுவது நம் மாவட்ட நிர்வாகத்துக்குப் பழக்கமானதே. நாங்கள் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்கு வேலை. தடுப்புகளை எடுத்து வைக்க முன்னாள் மாணவர்கள் முறை வைத்து வருவோம்.

மூன்றாவது, மே மாத முகாம். சேலத்தில் வெயில் கொளுத்தும்போது ஏற்காட்டில் மூன்று வாரம் தங்கி ஓடினால் ஆண்டு முழுவதற்கும் அடித்தளம் கிடைக்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். ரத்தத்தில் சிவப்பணு நன்றாகக் கூட 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும் என்பார்கள், ஊட்டி அந்த உயரம். மாஸ்டர் இதை எங்களிடம் மறைத்ததில்லை. "இங்க ரத்தம் கூடாது, ஆனா வெயில் கொல்லாது. ரெண்டு வேளை ஓடலாம்" என்பார். சீசனில் விடுதி வாடகை எங்களுக்குக் கட்டாது. பல ஆண்டுகள் அவர் தன் சம்பளத்திலிருந்து மலைக் கிராமத்தில் ஒரு வீடு பிடித்து, இருபது பேருக்குத் தரையில் பாய் விரித்துத் தங்க வைத்தார். ஓய்வூதியத்தில் அது நடக்காது. நடத்தவும் நாங்கள் விடக்கூடாது. ஏற்காட்டிலுள்ள அரசுப் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் விடுதியைக் கோடை விடுமுறையில் மூன்று வாரம் தந்தால், அரிசி, பருப்பு, சமையல் ஆள் எல்லாம் எங்கள் பொறுப்பு. பதிலுக்கு அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கும் மாஸ்டர் பயிற்சி தருவார். மலைப் பிள்ளைகள் தானாகவே ஓடுவார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நடந்து பழகின காலுக்கும் பயிற்சி வேணும், சோறு வேணும், ஷூ வேணும்" என்பார்.

இந்த மூன்றில் ஒன்றுதான் உடனே முடியும் என்றால் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் காத்திருப்போம்.

நேரில் பார்க்க அலுவலர் யாரையாவது அனுப்புவதாக இருந்தால், மாஸ்டர் இப்போது ஞாயிறு காலைகளில் கோரிமேட்டிலேயே அணியை நிறுத்திக்கொள்கிறார். ஐந்தேகாலுக்கு முன் வரச் சொல்லுங்கள். ஐந்தேகாலுக்கு மேல் அவர் யாருக்காகவும் நிற்க மாட்டார்.

இணைப்பு: பயிற்சியாளரின் பணி விவரம், அணியின் போட்டி முடிவுகள், வேலை பெற்ற முன்னாள் மாணவர் பட்டியல், பையனின் மருத்துவச் சான்று நகல், கையொப்பங்கள்.

இடம்: சேலம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவ, மாணவியர் சார்பில்,
அணியின் நாலாவது ஆள்