ரிகோஸ் மலை ரோடு மனுஷன் கை படாததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வேல்ஸ் சைக்கிள் பயணம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, போட்டோவும் அருமை. ஆனா ரிகோஸ் மலைப்பாதைய "மனிதக் கை படாத இயற்கை"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, அது கொஞ்சம் ஓவர். நான் கார்டிஃப்ல இருக்கேன், லீவு கெடச்சா அந்தப் பக்கம்தான் சைக்கிள எடுத்துட்டு போவேன், அதான் எழுதறேன்.

அந்த ரோட்ட போட்டதே வேலை போன சுரங்கத் தொழிலாளிங்கதான் சார். 1920கள்ல நிலக்கரி வியாபாரம் படுத்துடுச்சு, அந்த மலையடில இருக்கிற ராண்டா பள்ளத்தாக்கு முழுக்க ஆம்பளைங்க வேலையில்லாம உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு ஏதாவது கூலி கெடைக்கட்டும்னு பாறைய வெட்டி போட்ட ரோடு அது. பக்கத்துல இருக்கிற புல்க் மலை ரோடும் அதே கதைதான்.

மலையடில இருக்கிற ட்ரிஹெர்பர்ட் ஊர்ல இருந்து ஏறினா சுமார் 5 கிலோமீட்டர். செங்குத்துன்னு சொல்ல முடியாது, ஆனா மூச்சு வாங்கிக்கலாம்னு பாத்தா சமதளமே வராது, சின்ன கியர்ல போட்டு ஒரே சீரா மிதிச்சா ஏறிடலாம், ஆரம்பத்துல ஜோர் காட்டினா வளைவு தாண்டினதும் தொடை கழண்டுடும், அதுக்கு மேல எதிர்காத்து வேற. நடு ரோட்டுல ஆடு படுத்திருக்கும், பெல் அடிச்சா தலைய தூக்கி பாக்கும், அவ்ளோதான், நாமதான் சுத்திக்கிட்டு போகணும்.

ஏறும்போது கீழ பாருங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரிசை வரிசையா வீடுங்க, எல்லாம் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஜனங்களுக்காக வந்ததுதான். ராண்டால மட்டும் ஒரு காலத்துல 50க்கும் மேல நிலக்கரி சுரங்கம் ஓடிச்சு, கடைசியா மார்டிங்கிற சுரங்கத்த 1990ல மூடினாங்க. இந்தப் பக்கத்துல புல்லு மூடி பச்சையா தெரியற மேடெல்லாம் மலைன்னு நினைச்சிடாதீங்க, சிலது சுரங்கத்துல இருந்து கொண்டுவந்து கொட்டின கழிவு. 2020 பிப்ரவரி மழைல டைலர்ஸ்டவுன்ல அப்படி ஒண்ணு சரிஞ்சு ஆத்துல போய் விழுந்துச்சு. 1966ல அபெர்ஃபான்ல ஸ்கூல் மேலயே சரிஞ்சதுல 116 குழந்தைங்க, மொத்தம் 144 பேர் செத்தாங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு பெருமழைன்னா இன்னும் வயித்த கலக்கும்.

உச்சி கிட்டத்தட்ட 490 மீட்டர். வானம் தெளிவா இருந்தா வடக்கால பென் எ வான் சிகரம் தெரியும், கட்டுரைல அத பத்தி நிறைய இருந்துச்சு, சரி. ஆனா அதே எடத்துல நின்னு கீழ பாத்தா தெரியற டவர்ங்கிற நிலக்கரி சுரங்கத்த பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே? 1994ல லாபம் இல்லன்னு சொல்லி அரசாங்க கம்பெனி அத மூடிடுச்சு. அங்க வேலை பாத்த 239 பேர், டைரோன் ஓ'சல்லிவன்ங்கிற யூனியன்காரர் தலைமைல, வேலை போனதுக்கு வந்த பணத்துல ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு சுரங்கத்தையே வாங்கிட்டாங்க, 1995 ஜனவரில திரும்ப உள்ள இறங்கினாங்க, 2008 வரைக்கும் ஓட்டினாங்க. லாபமே வராதுன்னு சொன்னது 13 வருஷம் ஓடிச்சு! இப்போ அங்க ஜிப்லைன், டூரிஸ்ட் கம்பில தொங்கிக்கிட்டு மலைல இருந்து இறங்கறாங்க. எனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஊருக்கு நாலு பேர் வந்து போனா நல்லதுதான், ஆனா முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு வர்றவங்களுக்கு தெரியணும்ல.

இன்னொண்ணு, பயணப் பக்கத்துக்கு மேட்டர் வேணும்னா ராண்டா டனல் பத்தி எழுதுங்க. 1890ல நிலக்கரி ரயிலுக்காக மலைய குடைஞ்சது, 3 கிலோமீட்டருக்கு மேல நீளம், 1968ல மூடிட்டாங்க. அத சைக்கிள் பாதையா திறக்கணும்னு உள்ளூர்க்காரங்க 2014ல சங்கமே ஆரம்பிச்சு அலையறாங்க. அது மட்டும் திறந்துச்சுன்னா மழை நாள்ல புல்க் மலை ஏறி நனையாம நேரா அந்தப் பக்கம் போயிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கார்டிஃப்