தரையில் நிற்கும் குஞ்செல்லாம் கூட்டிலிருந்து விழுந்தவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தோட்டத்தில் 'அனாதையாகக் கிடந்த' சின்னான் (புல்புல் பறவை) குஞ்சு ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பாலில் நனைத்த ரொட்டி கொடுத்து வளர்த்துவரும் வாசகர் ஒருவரைப் பற்றிய குறிப்பும் படமும் தங்கள் சென்ற இதழில் வெளியாகியிருந்தன. அவருடைய இரக்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தவர்கள், குஞ்சின் உடலெங்கும் இறகு மூடியிருப்பதையும், வால் மட்டும் குட்டையாக இருப்பதையும், அது தன் கால்களில் ஊன்றி நிற்பதையும் கவனித்திருப்பார்கள். அப்படிப்பட்ட குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்ததாக இருப்பதைக் காட்டிலும், வெளியேற வேண்டிய வயது வந்து தானே இறங்கியதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

சின்னான், காகம் உள்ளிட்ட பல பறவைகளின் குஞ்சுகள், நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்னரே கூட்டைவிட்டு வெளியேறிவிடுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. பாம்போ பூனையோ கூட்டைக் கண்டுபிடித்துவிட்டால் அதிலுள்ள அத்தனை குஞ்சுகளும் ஒரே நேரத்தில் போய்விடும். புதருக்கு ஒன்றாகச் சிதறியிருந்தால் ஒன்றிரண்டாவது தப்பும். இந்தச் சில நாட்களில் பெற்றோர் இரை தேடிச் செல்வதும், குஞ்சின் குரலைக் கேட்டுத் திரும்பி வந்து ஊட்டுவதுமாக இருக்கின்றன. அருகில் மனிதர் நின்றால் அவை இறங்கி வருவதில்லை. ஆகவே, 'வெகுநேரம் பார்த்தேன், தாய் வரவே இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அந்தத் தாய் பெரும்பாலும் அருகிலுள்ள கிளையொன்றில் அவர் எப்போது விலகுவார் என்று காத்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு கீழே கிடந்தால் நிலைமை வேறு. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதைத் தூக்கிக் கூட்டில் வைத்துவிடுவதே சரி. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம், அது உண்மையல்ல. மோப்பத்தை வைத்துத் தன் குஞ்சை ஏற்பதும் தள்ளுவதும் இந்தச் சிறு பறவைகளின் வழக்கமன்று. இறகு முளைத்த குஞ்சு சாலை நடுவிலோ பூனையின் கண்ணெதிரிலோ நின்றால், சில அடி தள்ளியிருக்கும் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு நாம் விலகிக்கொண்டால் போதும். பூனை கவ்வியதும் காயம் பட்டதும் மட்டுமே தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியவை.

ஊட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. அதைவிட அபாயமானது, அலகைத் திறந்து தண்ணீரைச் சொட்டுவிடுவது: பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறப்பதால், அந்த நீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். எல்லாம் கடந்து குஞ்சு பிழைத்துக்கொண்டாலும், எதை உண்பது, எதைக் கண்டு அஞ்சுவது என்று கற்றுக்கொள்ள வேண்டிய பருவத்தை அது மனிதரோடு கழித்துவிடுகிறது. தோளில் வந்து அமரும் பறவை படத்துக்கு அழகுதான். வெளியே விட்ட பிறகும் அது யார் தோளைக் கண்டாலும் போய் அமரும் என்பதுதான் சிக்கல்.

காகம் காரணமின்றித் தலையில் கொத்துகிறது என்று சிலர் முறையிடுவதற்கும் பெரும்பாலும் இதே பருவமே காரணம். பக்கத்தில் எங்கோ அதன் குஞ்சு தரையிறங்கியிருக்கும். அந்தச் சில வாரங்களுக்கு வேறு பாதையில் நடப்பதோ குடை பிடித்துச் செல்வதோ எளிய வழி, கல்லெறிவது வீண்பகை. வீண்பகை என்பதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப்பும் அவருடைய குழுவினரும் 2006இல், குகைமனிதன் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, அடையாள வளையமிட்டு விடுவித்தார்கள். அதன்பின் அந்த முகமூடியை யார் அணிந்து நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து துரத்தின. பிடிபடாத காகங்களும் அதில் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் கழிந்தும் அவை மறக்கவில்லை.

குரங்குகளைப் பொறுத்தவரை, கையில் வைத்து ஊட்டும் பழக்கம்தான் தொல்லையின் தொடக்கம் என்பது என் எண்ணம். முதலில் ஒருவர் விரும்பிக் கொடுக்கிறார். பிறகு வருகிறவர்களிடமிருந்தெல்லாம் அவை பறிக்கின்றன. கடைசியில் கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லி மனு எழுதப்படுகிறது. முதலில் கொடுத்தவர் அந்த மனுவிலும் கையெழுத்திடுவதுண்டு. குரங்கு கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது வௌவால் உள்ளிட்ட மற்றக் காட்டுப் பாலூட்டிகளுக்கும் பொருந்தும்.

கண்ணில் படாமல் நாம் இழைக்கும் தீங்கு ஒன்றும் உண்டு. கட்டடங்களின் பொந்துகளில் குடியிருக்கும் கூகை என்னும் ஆந்தை, கும்மிருட்டிலும் ஓசையை மட்டும் கொண்டு எலியைப் பிடிக்க வல்லது. நாம் வைக்கும் எலி மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்பவை. அந்த இடைவெளியில் தள்ளாடித் திரியும் எலியே கூகைக்கு எளிதாக அகப்படுகிறது. எலியின் உடலில் தங்கிய நஞ்சு கூகைக்கும் போய்ச் சேருகிறது. எலிப்பொறி வைப்பது சற்றுத் தொல்லைதான் என்றாலும், அதில் கூகை சாவதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். குஞ்சைக் கையில் ஏந்திய படங்களையும், குரங்குக்கு ஊட்டும் படங்களையும் வாசகர்கள் தொடர்ந்து அனுப்பத்தான் செய்வார்கள். அவற்றை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தால் மகிழ்வேன். வெளியிட்டே ஆக வேண்டுமெனில், படத்தின் கீழே இரண்டு வரிகளாவது சேர்த்து அச்சிடுங்கள்: இறகு முளைத்த குஞ்சை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றும், காயம்பட்டதைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும். சென்ற இதழின் குறிப்புக்கும் அடுத்த இதழில் இந்த விளக்கத்தைச் சேர்ப்பீர்களானால், அந்தச் சின்னானை வளர்த்துவரும் வாசகரும் அதைப் படித்து, ஒரு பறவை மருத்துவரைக் கலந்துகொள்ள வழியிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்